தவிர்க்க, வட்டத்தை அழுத்தவும்

எழுபத்திரண்டாவது ஆள் விழுந்தபோது
என் கணவர் தனசீலன்
கோழிக்கறித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு
"இடப்பக்கம்டா, இடப்பக்கம் பார்" என்றார்.
பிரெகாசன் பார்த்தான். சுட்டான்.
சுவரில் தெறித்தது.
அச்சுக் குத்தினமாதிரி எல்லாச் சுவரிலும்
ஒரே தெறிப்பு.

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட், ஞாயிறு மதியம்.
சமையலறை வாசலில் பலகை போட்டு
இரவுப் பணிக்குச் சீருடை தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தில் ஒரு பெண் வருகிறாள்.
பேர் மகனுக்குத் தெரியும்.
காவலாளி ஒருவனை முழங்கால்களுக்கிடையே பிடித்து
கழுத்தைத் திருகினாள்.
முருங்கைக்காய் முறிகிற சத்தம்.
எந்த ஊரிலோ, ஏதோ ஒரு அறையில்,
ஒருவர் காய்கறி முறித்துச்
சம்பளம் வாங்கியிருப்பார்.
"சபாஷ்!" என்றார் தனசீலன்,
எலும்பிலிருந்து வாயை எடுக்காமல்.

பிறகு மழை.
ஒரு பழைய லாரிக்குள்
அவளும் இன்னொருத்தனும்.
கழுத்தைத் திருகிய அதே விரல்கள்
சட்டையின் மேல் பொத்தானுக்குப் போயின.

ஒரு பொத்தான்தான்.
தட்டு தரையில் கிடந்தது.
தனசீலன் திரைக்கு முன்னால்
கோல் காப்பவர்மாதிரி
கையிரண்டும் விரித்து நின்றார்.
"என்னடா கண்றாவி இது?
சின்னப் பிள்ளை பார்க்கிற சாமானா?"

சின்னப் பிள்ளை ஆறடி இருப்பான்.
காது சிவந்து, என்னைப் பார்த்து, தரையைப் பார்த்து,
"தாண்டிரலாம் பா,
வட்டத்தை அழுத்தினால் போயிரும்" என்றான்.

முத்தத்துக்கு ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள்.
கழுத்துக்கு வைக்கவில்லை.

தனசீலன் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த
மின்வெட்டு அட்டவணையை நிமிர்ந்து பார்த்தார்.
இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.
பங்களாதேஷ் சந்தையில் இதை விற்ற பையனைச்
சனிக்கிழமை கேட்காமல் விடப்போவதில்லை என்றார்.
வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.
அட்டையில் துப்பாக்கி போட்டிருந்ததால்
நல்ல ஆட்டம் என்று நம்பிவிட்டார்.

இரவு இரண்டு மணிக்கு
ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள்.
பதினேழு வயசு என்றார்கள்.
சட்டையைக் கத்தரித்தேன், கால்சட்டையை,
உள்ளே இருந்ததையும்.
அது என் வேலை.
யாரும் குறுக்கே வந்து கைவிரித்து நிற்கவில்லை.
குண்டு நுழைந்த இடம் சின்னது,
பொத்தான் அளவுதான்.
முதுகுப்பக்கத்தைப் பற்றி
நான் வீட்டில் பேசுவதில்லை.

அவன் படுத்த இடத்திலேயே மலம் கழித்திருந்தான்.
திரையில் எழுபத்திரண்டு பேர் விழுந்தார்கள்,
ஒருத்தனுக்கும் அது நடக்கவில்லை.
அம்மா என்று கூப்பிடுவான் என்று நினைத்தேன்.
அவன் ஷூ எங்கே என்று கேட்டான்.
புதுசாம். பத்திரமாக எடுத்து வைக்கச் சொன்னான்.
பையில் போட்டு, பேர் எழுதி,
கண்ணெதிரே தூக்கிக் காட்டினேன்.
பிழைத்துவிட்டான்.
எல்லாரும் பிழைப்பதில்லை, இவன் பிழைத்தான்.

விடிந்து வீட்டுக்கு வந்தேன்.
தனசீலன் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார்.
பிரெகாசன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்,
பள்ளிச் சட்டையில், தலை ஈரமாக,
இரண்டு காலிலும் ஷூ போட்டு.

பத்தொன்பது வருஷமாக
இந்த வீட்டில் பிள்ளை எப்படி வந்தது என்று
யாருக்குமே தெரியாதமாதிரி
குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

அவர் பின்னால் போய்
பிடரியில் கை வைத்தேன்.
சவரம் செய்த இடத்தில் சொரசொரப்பு.
சூடு.
கீழே நாடி ஓடிக்கொண்டிருந்தது.
ராத்திரி முழுக்க நான் தேடுகிற நாடி,
தேடாமலே கிடைத்தது.
நெற்றியை அவர் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"ஏய்," என்று அவர் நெளிந்தார்,
கரண்டி கோப்பையில் இடிக்க,
"பையன் இருக்கான்."

கையை நான் எடுக்கவில்லை.

பையன் எங்களைப் பார்க்கவில்லை.
சிரிக்கவும் இல்லை.
ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு
மேசைமேல் கட்டைவிரலை
ஒருமுறை அழுத்தினான்.