ஆம், இல்லை, வேறு கருத்து

பதினாறு வருடமாக ஓடும் விளையாட்டுக்கு
இரண்டாம் பாகம் வேண்டுமா என்று
கம்பெனிக்காரன் கேட்டிருக்கிறான்.
மூன்று கட்டங்கள்.
ஞாயிறு நள்ளிரவுக்குள் சொல்லவேண்டும்.

இன்று சனி. ராணிப்பேட்டை சிப்காட்டில்
தோல் கழுவிய தண்ணீரைத் தெளியவைக்கும் ஆலையில்
எனக்கு இரவு ஷிஃப்ட்.
மணிக்கொருதரம் மீட்டர் எழுதவேண்டும்,
நடுவில் ஐம்பது நிமிடம் நான்
எண்பத்தைந்தாம் படி வீரன்.
பெயர் இடிமுக்கம்.
இடிமுழக்கம் என்றுதான் நினைத்தேன்.
இங்கிலீஷ் எழுத்தில் ‘ழ’வுக்கு இரண்டு விசை,
பாலிடெக்னிக் பக்கத்து பிரௌசிங் சென்டரில்
மணிக்கு இருபது ரூபாய்,
அவசரத்தில் ‘ழ’வைத் தாண்டிவிட்டேன்.
பெயரை மாற்ற அங்கே வழி கிடையாது.

நாற்பத்தொரு பேர் இருந்த எங்கள் படையில்
இப்போது விளக்கு எரிவது நாலு பெயருக்கு.

ஆம்பூர் இம்தியாஸ், ஷூவுக்கு அடிப்பாகம் விற்பவன்:
‘வரட்டும்பா. இந்த ஆத்தப் பாரு,
தகரத்த மடிச்சுப் போட்டமாரி கீது.’

எஸ்தர் ராணி, ஆஸ்பத்திரியில் ஐசியூ நர்ஸ்:
‘வேணாம். டூட்டி முடிஞ்சு வந்தா
கண்ண மூடிக்கினு நடக்கிற ஊரு அது ஒண்ணுதான்.
எந்தக் கதவு தொறக்காதுன்னு தெரியும் எனக்கு.’

நான் எஸ்தர் கட்சி.
வாதம்கூட எழுதி வைத்திருந்தேன்:
வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிறதே கோயில்,
தலைமுறை தலைமுறையாகச் சாமியில்லாமல் கிடந்தது.
அதற்காக யாராவது பக்கத்திலேயே
இரண்டாவது கோட்டை கட்டினார்களா?
எண்பத்தொன்றில் ஒருநாள்
சாமி திரும்பி வந்து உட்கார்ந்தது
அதே கோயிலில்தான்.
பாலாறும் அப்படித்தான்,
மணல் லாரிக்கு வழிவிட்டுப் படுத்திருந்தது,
இருபத்தொன்று நவம்பரில் எழுந்து வந்து
ஊரையே கரையில் நிற்கவைத்தது.

அனுப்பும் விசைமேல் விரல் இருந்தபோது
முனிரத்தினம் எழுதினான்.
குடியாத்தம். தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஓட்டுகிறவன்.
அதிகம் பேசமாட்டான்.

‘ரெண்டு வந்தா
எல்லாரும் ஒண்ணுல இருந்துதானே?’

பன்னிரண்டு வருடமாக அவன்
முப்பத்தொன்றாம் படியில் நிற்கிறான்.
கரடிக் கணவாயைத் தாண்டக் கேடயம் வேண்டும்,
கேடயத்துக்கு நாலாயிரம் பொன்.
நாலாயிரம் அவனிடம் இருந்தது, ஒருதரம்.
‘ரெண்டு நாள்ல குடுத்துர்றன்’ என்று
வாங்கியது நான்.
அந்தக் கேடயம் இன்னும் என் முதுகில் இருக்கிறது.
அப்புறம் எனக்குக் கல்யாணம், அவனுக்கு நெட் இல்லை,
மறந்துபோச்சு என்று சொல்லலாம்.
மறக்கவில்லை. அவன் கேட்கவில்லை.

இருக்கிறபடி இருக்கட்டும் என்கிறவனை
நீ எத்தனையாவது படி என்று
யாராவது கேட்டிருக்கலாம்.

மணி இரண்டே முக்கால். எழுந்துபோய்
மூன்றாம் பம்பின் மீட்டர் எழுதிவிட்டு வந்தேன்.
நுரை அடங்கவில்லை, அதையும் எழுதினேன்.

திரும்பி வந்து கணவாய்க்கு நடந்தேன்.
வழியில் அந்த மரப்பாலம்.
நடுவில் பலகை இருக்காது, கால் வைத்தால் தாங்கும்.
பதினாறு வருடமாக யாரும் சரிசெய்யாத பிசகு.
புதிதாக வருகிறவன் அங்கேயே நின்றுவிடுவான்,
அக்கரையில் ஒருத்தன் நின்று
‘வா வா, உழமாட்ட’ என்று கூப்பிடவேண்டும்.
என்னைக் கூப்பிட்டதும் முனிரத்தினம்தான்.

வட்டி என்ன கணக்கு என்று தெரியவில்லை,
ஒன்பதாயிரமாக அனுப்பினேன்.
‘இன்னாத்துக்கு இது?’ என்றான்.

பதில் சொல்லாமல் மூன்றாவது கட்டத்தைத் திறந்தேன்.
இருநூறு எழுத்துக்குள். தமிழ் ஏறாது.
இரண்டாம் பாகத்தில் பழைய கடன் என்னாகும் என்று
இங்கிலீஷ் எழுத்தில் தட்ட ஆரம்பித்தேன்,
‘ழ’ வந்த இடத்தில்
இரண்டு விசையையும்,
ஒன்றன்பின் ஒன்றாக.