எண்பத்தேழாவது மாதம்

கிளேசியர் என்றே பெயர் அந்த ஊருக்கு.
காலை ஐந்து மணி. மளிகைக் கடை மூடியிருக்கிறது,
வாசலில் இருக்கும் ஐஸ் பெட்டிக்கும் பூட்டு.

இங்கர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
ஏழு வருடத்துக்கு மேலாக
மாதம் ஒரு முறையாவது பனியில் சறுக்காமல் விட்டதில்லை.
சமையலறைச் சுவரில் ஐந்தைந்தாக வெட்டிய கோடுகள்,
எண்பத்தாறு.
இன்று ஆகஸ்ட் முப்பத்தொன்று.
நாளை பள்ளி திறக்கிறது.

இரண்டு மணி நேரம் புழுதி. முதுகில் ஸ்கீ.
அதன் நுனி கிளையில் தட்டும்போதெல்லாம்
யாரோ தோளைத் தொட்டு வழி கேட்பது போல
திரும்பிப் பார்க்கிறேன்.
கூடாரம் போட்டுத் தங்கி இறங்கிவரும் குடும்பம் ஒன்று,
அரைக்கால் சட்டை, ஹக்கிள்பெரிக் கறை படிந்த வாய்,
ஒதுங்கி நின்று எங்களைப் பார்த்தது
கல்யாணம் முடிந்த மறுநாள்
மேளத்தோடு வந்து நிற்பவர்களைப் பார்ப்பது போல.

மூன்று ஓடை. கணுக்கால் தண்ணீர்.
வெயில் ஏறினால் முழங்கால் என்றாள்.

அப்புறம், அது.
புல்நுனியில் நிற்பதும் பனிதான் எங்கள் பேச்சில்,
மார்கழியில் தெருவிளக்கை மறைப்பதும் பனிதான்,
கண் கலங்கினால் அதுவும் பனிப்பதுதான்.
இதை என்ன சொல்ல?
போன நவம்பரில் விழுந்தது, போகாமல் கிடப்பது,
இட்லித் தட்டு மாதிரி குழிகுழியாக,
எங்கோ எரியும் காட்டின் சாம்பலை
மிளகுப்பொடியாய்த் தூவிக்கொண்டு.
ஓரிடத்தில் தர்பூசணி கொட்டியது போல் சிவப்பு.
பாசி என்றாள். வாயில் வைக்காதே.
கீழே சரிவு முடிகிற இடத்தில்
நீலமாய்ப் பிளந்திருந்தது பனியாறு.

பையை இறக்கினாள்.
ஒரு ஸ்கீயைக் குத்தி நிறுத்தினாள்.
மற்றதைக் கிடத்தினாள், கையுறை தேட, ஒரே நொடி.
எடை குறையட்டும் என்று
அதன் பிரேக்கைக் கழற்றி வைத்ததும் அவள்தான்.
அது முதலில் யோசித்தது.
ஒரு குழியின் விளிம்பைத் தாண்டியது.
பிறகு அதற்கு வழி தெரிந்துவிட்டது.
ஓடிப்போகும் நாயைக் கூப்பிடுவது போல்
கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்,
பத்தடி, அவ்வளவுதான்.
டங் என்று ஒன்று.
இன்னொன்று, வெகுநேரம் கழித்து, வெகு கீழே.

உட்கார்ந்தாள்.
எண்பத்தாறு, என்றாள்.

என் காலணி அவளுக்கு இரண்டு அளவு பெரிது.
அவள் காலுறை, அதன்மேல் என் காலுறை,
ரொட்டி சுற்றி வந்த துணி,
எல்லாவற்றையும் திணித்தோம்.
வெறுங்காலைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்
சாக்குப் போட்டியில் தோற்றவன் மாதிரி.

பன்னிரண்டு திருப்பங்கள். எண்ணினேன்.
குழிகள் கடகடவென்று பல்லை ஆட்டியிருக்கும்.
ஐந்தாவதில் காலணி ஒரு பக்கம் போக
முழங்கால் வேறு பக்கம் போனது.
ஒன்பதாவதில் சிரித்தாள், அல்லது கத்தினாள்,
அந்தத் தூரத்தில் தெரியவில்லை.
பிளவுக்கு நூறடி முன்னால் நின்று
உள்ளே எட்டிப் பார்க்க முயல்வது போல்
கழுத்தை மட்டும் நீட்டினாள்.

நொண்டிக்கொண்டே ஏறி வர இருபத்தைந்து நிமிடம்.
என் கால்விரல்களோடு பேச்சுவார்த்தை நடந்தது.
காலணியைத் திரும்ப மாட்டியபோது
உள்ளே அவள் கால் சூடு இருந்தது.
எனக்குக் கணக்கு எதுவும் கிடையாது.
ஆறு திருப்பம், ஒரு விழுதல், ஒரு முழங்கைச் சிராய்ப்பு.

இறங்கும்போது மூன்று ஸ்கீ.
எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் நான்காவதை விசாரித்தார்கள்.
பனியாறு ஒருநாள் அதைக் கீழே கொண்டுவந்து போடும் என்றாள்,
நாளுக்கு ஒரு சாண் நகருமாம்.
கடைசி ஓடையில், முழங்கால் தண்ணீரில்,
ஸ்கீயை ஊன்றி நின்றபடி மனக்கணக்குப் போட்டாள்.
நான் அவளைக் கரைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
அவளுக்கு வயது ஐம்பத்தேழு ஆகியிருக்கும்.
எந்த மாதம் என்றுதான் பிடிபடவில்லை.

ஊருக்கு வந்தபோது கடை திறந்திருந்தது.
வாசல் பெட்டியிலிருந்து ஒரு பை ஐஸ் எடுத்தோம்,
அவள் முழங்காலுக்கு.
மூன்று டாலர் நாற்பது.