சனிக்கிழமை ஒத்திகை

எங்கள் வீட்டுக் கடிகாரம்
பத்து நிமிடம் முன்னால் ஓடும்.
யாரும் தாமதமாகக் கூடாதென்று
அப்பா திருகி வைத்தது.
அது எல்லோருக்கும் தெரியும் என்பதால்
எல்லோரும் பத்தைக் கழித்துவிட்டு
நிதானமாகத் தாமதமாவோம்.

வேலைக் கடிதம் வந்த இரவு
நாற்காலி போட்டு ஏறி
அதைச் சரியாக்கினேன்.
மறுநாள்
பழக்கதோஷத்தில் பத்தைக் கழித்த தம்பி
பூட்டிய பள்ளி கேட்டுக்கு வெளியே நின்றான்.
அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கிண்டி எஸ்டேட்டில், நாலாவது மாடியில்,
கண்ணாடி லென்சுகளைப் பெட்டி பிரித்து அனுப்பும் கம்பெனி.
ஒன்பது மணிக்குக் கட்டைவிரல் வைக்க வேண்டும்.
திருவொற்றியூரிலிருந்து எவ்வளவு நேரமாகும்?
ஒரு மணி நேரம் தாராளம் என்றார் மாமா.
அவர் கிண்டிக்குக் கடைசியாகப் போனது
எனக்குக் காது குத்துவதற்கு முன்னால்.

ஆகவே சனிக்கிழமை ஓர் ஒத்திகை.
தம்பியின் பழைய கணக்கு நோட்டில்
பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

குழாயடி, ஏழு குடம்: இருபத்திரண்டு நிமிடம்.
பேச்சை விட்டால் பதினாலு.
குளியலறைக்கு வெளியே ஒன்பது. உள்ளே ஆறு.
தலை பின்ன நாலு,
மனசுக்குப் பிடிக்கப் பின்னினால் பதினொன்று.
ஸ்டேஷனுக்கு நடை பன்னிரண்டு.
ரேஷன் கடைப் பக்கம் போகவே கூடாது,
அங்கே ரூபாவதி அக்கா நிற்பாள்,
பார்த்துவிட்டால் முப்பது.
பீச்சில் வண்டி மாற ஐந்து.
ஓடினால் மூன்று,
ஆனால் செருப்பு புதுசு.

எழுத எழுதத்தான் தெரிந்தது,
‘இதோ ரெண்டே நிமிஷம்’ என்று
இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம்
இருபது நிமிடம்.

‘இன்னைக்கு லீவும்மா’ என்றார் வாட்ச்மேன்.
‘தெரியும்ணே, நேரம் பார்க்க வந்தேன்.’
மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்:
எட்டு ஐம்பது.

திங்கட்கிழமையும் அதே எட்டு ஐம்பதுதான்.
ஒரு நிமிடம் பிசகவில்லை.
லிஃப்ட்டுக்கு முன்னால் நாற்பது பேர்.
சனிக்கிழமை அங்கே
ஒரு சாம்பல் பூனை மட்டும் படுத்திருந்தது.
பூனையை நோட்டில் எழுதியிருந்தேன்.
வரிசைக்கு இடம் விடவில்லை.

படியேறி, மூச்சு வாங்க,
விரலை வைத்தேன். ஏற்கவில்லை.
துடைத்து வைத்தேன். ஏற்கவில்லை.
பாத்திரப் பவுடரில் தேய்ந்த ரேகை.
மெஷின் மூன்று முறை கேட்டது
நான் யாரென்று.
‘வாயால ஊதி வை, புடிக்கும்’
என்றாள் பின்னால் நின்றவள்.
பிடித்தது.
ஒன்பது நாலு.

பதிவேட்டில் ஹெப்சிபா என்ற பெயருக்கு எதிரே
சிவப்பில் ஒரு கோடு போட்டார் சூப்பர்வைசர்.
திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

அன்றிரவு நோட்டைத் திறந்து சேர்த்தேன்:
லிஃப்ட் வரிசை, எட்டு.
விரலில் ஊத, அரை.
ஏழு குடத்தில் மூன்று தம்பிக்கு.
முதல் சம்பளத்தில் ஷட்டில் மட்டை என்றதும்
பேச ஆரம்பித்துவிட்டான்.
கடைசி வரியில்,
எதற்கென்று தெரியாதது: பத்து.
எழுதிவிட்டுச் சுவரைப் பார்த்தேன்.
அப்பாவின் அதே பத்துதான்.
இதை மட்டும் யாரும் கழிக்க முடியாது,
நோட்டு என் பையில் இருக்கிறது.

வியாழக்கிழமை
கொருக்குப்பேட்டையில் வண்டி நிற்கவில்லை வெகுநேரம்,
பீச்சில் அடுத்த வண்டி தயாராக நின்றது,
கேட்டுக்கு வந்தபோது எட்டு முப்பத்தொன்று.
‘இன்னைக்கும் நேரம் பார்க்கவாம்மா?’
‘இல்லண்ணே, இது மிச்சம்.’

மிச்சம் வந்தால் என்ன செய்வதென்று
நோட்டில் ஒரு வரியும் இல்லை.
படிக்கட்டில் உட்கார்ந்தேன்.
பூனை வந்து
என் டிபன் பையை முகர்ந்து பார்த்தது.