இடமிருந்து மூன்றாவது

சனி இரவு ஏழே காலுக்கு அழிந்துபோன அண்டத்தை
ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிரித்து மேய்கிறோம்,
டிரெடீகரில், நாணயம் போட்டால் சுற்றும்
சலவை நிலையத்தில்.
மழை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலை இல்லை.

எம்ரிஸ்தான் ஆரம்பிப்பார், எப்போதும் ஆக்சிஜனில்.
"பத்து நிமிஷக் காற்றுதான் என்றாள் கேப்டன்.
அப்புறம் இருபது நிமிஷம் அழுகிறாள்,
மன்னிக்கிறாள், பாதிப் பாட்டுப் பாடுகிறாள்.
யார் காதில் பூ?"
முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர்.
நேரம் தப்பினால் அவருக்கு நெஞ்சு அடைக்கும்.

லௌரி கேப்டன் கட்சி.
இரவுப் பணி முடித்து அப்படியே வந்திருக்கிறாள்,
மருத்துவமனை அட்டை இன்னும் கழுத்தில்.
"காற்று தீர்கிறவர்கள் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று
உங்களுக்குத் தெரியாது" என்கிறாள்.
அதற்கு மேல் சொல்லவில்லை.
எம்ரிஸ் தன் காலுறைகளுக்கு ஜோடி தேடுகிறார்.

எனக்குப் பிடித்தது ஏழாம் பாகத்தில் அந்த ஒரு கணம்:
ஆள்காட்டிக் கப்பலின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய
சமையல்காரன் மட்டும்
ஒரு முட்டையை உடைக்கலாமா வேண்டாமா என்று நிற்பது.
சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

ப்ளெதினுக்குப் பணம்தான் பேச்சு.
"புது மொந்தையில் பழைய கள்!
நாற்பது வினாடி, எண்ணினேன்,
பதினோரு வருஷத்துக்கு முந்தைய படையெடுப்பை
அப்படியே ஒட்டியிருக்கிறான்கள்.
நம்ம குவாரிதான் அது. அதே ரப்பர் மண்டைகள்.
அதிலும் இடமிருந்து மூன்றாவது சிப்பாய்,
எல்லாரும் வலது என்றால் அவன் யோசித்து வலது.
டெல்யத், எழுதிக்கொள்."

டெல்யத்திடம் ஒரு நோட்டு உண்டு.
கை மாறிய துப்பாக்கி,
ஒரே காட்சியில் இரண்டு முறை விடிந்த கிரகம்,
அரக்கன் முதுகில் ஜிப்பு:
நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள், நீல மையில்.
அவள் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை
என்றுதான் நினைத்திருந்தோம்.

அவள் பேனாவைத் திறக்கவில்லை.
உலர்த்தி நின்றது. ஒரு நாணயம் போட்டாள்.
"அது பிழையில்லை" என்றாள். "அது மெர்வின்."

பேட்டரி ஆலையில் நசுங்கிய முட்டி.
எண்பது பவுண்டு, மதியம் ஒரு இறைச்சிப் பை,
நாள் முழுக்க நடை.
ஆறு முறை கத்தினானாம் ஒலிபெருக்கிக்காரன்.
ஏழாவது முறை வெளிச்சம் போய்விட்டது,
போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.
வீட்டுக்கு வந்தவன் கழுத்தெல்லாம் தடிப்பு,
கலமைன் தடவினேன்,
எது நீ என்று கேட்டேன்,
கண்டுபிடி என்றான்.

மெர்வின் சாகவில்லை. ஸ்விண்டனில் இருக்கிறான்,
நாய்களுக்கு முடி வெட்டும் ஒருத்தியோடு.

ப்ளெதின் துண்டை மடித்தான், பிரித்தான், மடித்தான்.
லௌரி மட்டும்தான் கேட்டாள்:
"அப்போதே கண்டுபிடித்தீர்களா?"

"இல்லை. நேற்று."

உள்ளே ஏதோ ஒரு பொத்தான்
தகரத்தில் இடித்துக்கொண்டே சுற்றியது.
எல்லாரும் அதையே கேட்டோம்.
பிறகு எம்ரிஸ், கடவுள் அவரை மன்னிக்கட்டும்,
"சரி, ஆனாலும் அந்த ஆக்சிஜன்…" என்றார்.
டெல்யத் சிரித்துவிட்டாள், மூக்கால், சத்தமாக.

அடுத்த வாரம் அந்தப் படை திரும்ப வருகிறதாம்.
முன்னோட்டத்தில் பார்த்தேன்:
ஆயிரம் பேர், கணினியில் செய்தது,
ஆயிரத்துக்கும் ஒரே கால்.
ப்ளெதினுக்குக்கூடக் குறை சொல்ல ஒன்றுமிருக்காது.

நோட்டைப் பைக்குள் போட்டாள்.
போர்வை இன்னும் ஈரம்.
இன்னொரு நாணயம் இருக்கிறதா என்று
என்னிடம் கேட்டாள்.