கண் மட்டும்

மீட்டர் வாசிக்கிறவனுக்கு
எல்லா வீட்டு நாயும் பழக்கம்.
வெருகலிலிருந்து மூதூர் வரை
முதலையும் அப்படித்தான் என்று
சனம் நினைத்துக்கொண்டது.
பில்லை வாங்கிக்கொண்டு
பின்வளவைக் காட்டுவார்கள்:
"அந்தா, அந்தக் கண்ணாவுக்குள்ளே."

போன மாரிக்குப் பிறகு
போனில் ஒரு படிவம் வந்தது.
நாள். நேரம்.
ஆறா, குளமா, களப்பா.
எத்தனை அடி.
யாரும் நிரப்பலாமாம்,
படித்தவர் என்று தனியாக இல்லையாம்.

கோணாமலை அண்ணை பதினெட்டடி என்றார்.
எருமைக் கன்றை இழுத்தது
பின்னே எத்தனையடி இருக்கும்?
சேற்றில் தாடை பதிந்த இடத்துக்குப் பக்கத்தில்
என் செருப்பைக் கழற்றி வைத்துப் படம் எடுத்தேன்.
தலையை ஏழால் பெருக்கினால்
ஏறக்குறைய உடம்பு வருமென்று
படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.
பெருக்கினேன். ஒன்பதடி.
அண்ணைக்கு வந்த கோபம்!
போயும் போயும் ஒன்பதடிக்கா
என் கன்றைக் கொடுத்தேன் என்பதுபோல.
ஒன்பது என்று எழுதிவிட்டு
குறிப்பு என்ற கட்டத்தில்
"கன்று ஒன்று, நட்டஈடு கிடைக்கவில்லை"
என்று சேர்த்தேன்.
அந்தக் கட்டத்தை யார் வாசிப்பார்களோ.

உல்லைக்கழியில் மட்டி பொறுக்கும் ஜெசீமா
இடுப்பளவு தண்ணியில் நின்றபடி
குரல் பதிவு அனுப்புவாள்:
"மூக்கு மட்டும் தெரியுது.
நானும் அசையல்ல, அதுவும் அசையல்ல.
ஆறு பத்து, எழுதிக்கொள்ளுங்க."
அந்தப் பதிவை மூன்று தரம் கேட்டேன்,
முடிவில் வருவது
அவள் கரையேறும் சத்தம்தானா என்று.

இரவு எண்ணிக்கைக்கு விதி எளிது.
டோர்ச்சைக் கண்ணோடு ஒட்டிப் பிடி.
தண்ணிமேல் சிவப்பாக எரிந்தால் முதலை.
உடம்பு தெரியாவிட்டால்
"கண் மட்டும்" என்று போடு.
ஒரு காலம் இதே ஆற்றில்
டோர்ச் அடித்தால் பதிலுக்கு வெடி வரும்.
வள்ளக்காரன் ஹில்மி இன்னமும்
வெளிச்சத்தைக் கையால் பாதி பொத்தித்தான் பிடிக்கிறான்.

மூன்று இரவு ஒன்றுமே எரியவில்லை.
பூச்சியமும் தகவல்தானாம்.
திரையில் இரண்டு பொத்தான்:
கண்டேன்.
காணவில்லை.

அந்தச் சொல்லை எங்கள் வீடு
வேறொரு படிவத்தில்
மூன்று பாஷையிலும் எழுதிக் கொடுத்திருக்கிறது.
அதிலும் உயரம் கேட்டிருந்தார்கள்.
கடைசியாகக் கண்ட இடம் கேட்டிருந்தார்கள்.
இந்த ஆற்றுத்துறையைத்தான் எழுதினோம்.

விரல் போகவில்லை.
ஹில்மி ஒன்றும் கேட்காமல்
போனை வாங்கி அமர்த்தினான்,
திருப்பித் தந்தான்,
வள்ளத்தைத் திருப்பினான்.

நாலாம் இரவு, வளைவில்,
மருத மரத்து வேருக்குக் கீழே
ஒற்றைச் சிவப்பு.
மற்றக் கண் இலைக்குப் பின்னால் இருந்திருக்கும்.
அரை முதலைக்குக் கட்டம் கிடையாது.
ஒன்று என்று போட்டோம்.
ஒன்பது நாற்பது. அளவு தெரியாது. கண் மட்டும்.

காலையில் அண்ணை வீட்டு மீட்டரில்
குனிந்து நின்றேன்.
"எத்தனை?" என்றார்.
யூனிட்டைக் கேட்கவில்லை.
"ஒன்று."
"அப்ப, இன்னும் இருக்குது."
கோபமா, வேறேதுமா,
குறிப்புக் கட்டத்தில் எழுத எனக்கு வரவில்லை.
பட்டியின் முள்வேலியை
கரையிலிருந்து இருபதடி உள்ளே
இழுத்துக்கொண்டிருந்தார்.
ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்.