முப்பத்தேழு சதவீதம்

ஐயாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் இல்லை என்று
பழையபேட்டைக்குள் நுழையும்போதே
கைப்பையின் ஜிப்பிடம் சொல்லிவிட்டேன்.

நயீமின் கடை
செருப்புக்கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே
ஒருக்களித்து நுழைகிற அகலம்.
"படிக்கிறதுக்கா? படிக்கிறதுக்கு மட்டுமா?"
இரண்டு முறை கேட்டான்.

முதலில் டேப்லெட்.
தொட்டதும் மீன்தொட்டி மாதிரி எரிந்தது.
நாலாயிரத்து எண்ணூறு, கவர் இலவசம்.
எழுத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன்;
கொம்பும் காலும் அதனதன் இடத்தில்.
நல்லதுதான்.
ஆனால் மேலே ஒரு மணி அடித்தது,
யாரோ எங்கோ அவுட்.
இது ஹேமந்த் கையில் கிடைத்தால்
நான் படிக்க என் மகனிடம்
டோக்கன் வாங்க வேண்டும்.

அடுத்தது டிராயரின் அடியிலிருந்து,
சார்ஜர் கயிறு சுற்றிய ஒரு இ-ரீடர்.
சாம்பல் நிறம். ஓரத்தில் கீறல்.
"பெங்களூர்க்காரர் ஒருத்தர் வித்தது. மூவாயிரத்து அறுநூறு.
படம் ஓடாது, பாட்டு வராது, கலர் கிடையாதுக்கா"
குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் சொன்னான்.
அவன் சொல்லச் சொல்ல
எனக்கு அதன்மேல் ஆசை கூடியது.

இரண்டையும் வெயிலுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.
"வெயிலுக்கா?"
நான் உட்காருவது டோல்கேட்டில், தம்பி.
ஏழாம் லேன், மேற்கே பார்த்த கூண்டு.
மூன்று மணிக்கு மேல் சூரியன்
சுங்கம் கட்டாமல் உள்ளே வருகிறது.

பானிபூரி வண்டிக்குப் பக்கத்தில்
ஆளுக்கொன்றாய் ஏந்தி நின்றோம்.
டேப்லெட் முகம்பார்க்கும் கண்ணாடியானது.
நாற்பத்தொரு வயது, இடது புருவத்தில் தழும்பு:
அதைப் படித்து முடித்து
வெகுநாள் ஆகிறது.
இ-ரீடரோ
அச்சடித்த தாள் கணக்காய்க் கம்மென்று கிடந்தது.
யாரோ பாதியில் விட்ட பக்கம்.
தமிழ்.
கீழே, சின்னதாய், முப்பத்தேழு சதவீதம்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுத் தரேன்."
"அழிக்காதே."

கீறலுக்காக முந்நூறு குறைத்தான்,
நான் கேட்காமலே.

ஃபாஸ்டேக் வந்தபின் எங்கள் விரல்களில்
சில்லறை வாசனை இல்லை.
டேக் படிக்காத வண்டி வந்தால்தான் வேலை.
டிபன் பைக்குள் சாய்த்துவைத்து
இரண்டு லாரிக்கு நடுவே அரைப் பக்கம்.
வேடியப்பன் சார் கேமராவில் பார்த்தால்
தயிர்சாதத்தை முறைப்பதாகத் தெரியும்.

எல்லாம் சுகமில்லை.
சேர்த்துவைத்த ஸ்கேன் புத்தகங்கள்
கடுகு கடுகாய்த் தெரிகின்றன.
சிலவற்றில் ஒற்றைக்கொம்பு
தன் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது,
பேலன்ஸ் இல்லாத வண்டிபோல.
பக்கம் திருப்பினால் திரை ஒருமுறை கறுத்து வெளுக்கும்;
கண்சிமிட்டுகிறது என்று வைத்துக்கொண்டேன்.

பெங்களூர்க்காரரின் புத்தகத்தை
முதலிலிருந்து தொடங்கினேன்.
கோப்புக்குப் பெயரில்லை, எண்கள்தான்.
எதற்காக ஒரு மனிதன் முப்பத்தேழில் நிறுத்தி
அதோடு விற்றுவிட்டுப் போவான்?
சலிப்பா, புது போனா, ஆஸ்பத்திரியா?
முப்பத்துநாலில் மெதுவாகப் படித்தேன்.
முப்பத்தாறில் கதைக்குள் ஒரு கல்யாணம் நின்றுபோனது;
பெண் பந்தலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்,
எழுந்திருக்கச் சொல்ல ஆளில்லை.

அப்போது பார்த்து
தக்காளி ஏற்றிய ராயக்கோட்டை வண்டி,
டேக் ஒட்டாத கண்ணாடி.
இரட்டைக் கட்டணமா என்று டிரைவர் தெலுங்கில் திட்ட,
தெலுங்கிலேயே நான் சமாதானம் சொல்லி,
மீதியை எண்ணிக் கொடுத்துத் திரும்பினால்

முப்பத்தெட்டு.

புறங்கை பட்டிருக்கும்.
டிபன் பை இடித்திருக்கும்.
பின்னால் தள்ளிப் பார்க்கலாம்தான்,
இரண்டு விநாடி வேலை.
கட்டைவிரலை ஓரத்தில் வைத்தபடி இருந்தேன்.
பந்தலில் இருந்தவள் இந்தப் பக்கத்தில்
ஏதோ ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள்,
கையில் ஒரு குடை.

ஏழாம் லேனில் ஹாரன் அடிக்கிறார்கள்.