தாவரம்: இல்லை

படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம்.
'தாவரம்' என்று அச்சிட்டிருக்கிறது.
எதிரே இரண்டு விரற்கடை வெற்றுத்தாள்.

அதை நிரப்பத்தான் இஸ்மேனியா
வயெனாரிலிருந்து வடக்கே போனாள்,
தாமிரச் சுரங்கக் கம்பெனியின் வண்டியில்,
ஆறு வருடமாக மழை எட்டிப்பார்க்காத
அட்டகாமாவுக்குள்.

நான்கு ஆணி. எட்டு மீட்டர் கயிறு. ஒரு சதுரம்.
அதற்குள் மண்டியிட்டு
கழுத்தில் தொங்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாள்.
சரளை.
சரளையின் நிழல்.
நரி எச்சத்தில் ஒரு வண்டின் முதுகோடு.
ஓட்டுநர் நோல்பெர்த்தோ கதவில் சாய்ந்து
பிளாஸ்க் மூடியில் காப்பி குடித்தபடி கேட்டான்:
"மோதிரம் கீதிரம் தொலைச்சிட்டீங்களா?"

பன்னிரண்டு சதுரம்.
மாலைவரை அதே சரளை.

அவள் பையிலிருந்த அடையாள நூல்
கேள்விகளாலேயே கட்டப்பட்டது.
இலை எதிரெதிரா, மாற்றடுக்கா?
மாற்றடுக்கு எனில் ஒன்பதுக்குப் போ.
இதழ்கள் தனித்தனியா, இணைந்தவையா?
இணைந்தவை எனில் முப்பத்தொன்றுக்குப் போ.
கையில் செடியே இல்லாதவள் எங்கே போவது
என்பதற்கு மட்டும் எண் கொடுக்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போனாள்.
சதுரத்துக்கு இரண்டு கரண்டி மண்,
பன்னிரண்டு காகித உறையில்.
ரொட்டி சுடும் தட்டில் கோடு கிழித்துப் பரப்பி
சன்னலோரம் வைத்தாள்.
துணி தேய்க்கும்போது தெளிக்கிற குப்பியால்
பதினைந்து மில்லிமீட்டர் மழை பெய்வித்தாள்,
அளந்து, மூன்று இரவுகளாக.
அந்த மாதம் முழுக்கக் கடை ரொட்டிதான்.

கம்பெனி அலுவலகத்திலிருந்து தொலைபேசி:
"வெள்ளிக்கிழமை கெடு, அம்மணி.
இல்லை என்று போட்டு அனுப்புங்கள்.
ஒரே சொல்தானே."

ஒரே சொல்தான்.
தமிழில் இதை எழுதும் எனக்கு
அதன் நடுவே நிற்கும் ஒற்று உறுத்துகிறது.
தட்டிவிட்டால் இலை.
இஸ்மேனியாவின் மொழியில்
அந்தச் சலுகை கிடையாது.
அவள் தண்ணீர்தான் ஊற்ற வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்து போயிற்று.
பத்தாம் நாள் பூஞ்சை.
பதினொன்றாம் நாள் காலை, பல் துலக்கியபடி பார்த்தாள்:
ஏழாம் கோட்டில் ஒரு பச்சைக் கமா.
மறுநாள் நாற்பத்தொரு கமாக்கள்.
வாக்கியம் ஏதுமில்லாமல்
நிறுத்தக் குறிகள் மட்டும்.

விதையிலையை வைத்து யாரும் பேர் சொல்ல முடியாது.
காத்திருந்தாள்.
ஒன்று கொழுத்து விரல்போல் தடித்தது:
குவானக்கோ பாதம்.
ஒன்றின் பிசுபிசுத்த ரோமத்தில்
மணல் அப்பிக்கொண்டது:
ஊரில் அதைப் 'பெருமூச்சு' என்பார்கள்.
மற்றவை சொல்ல மறுத்தன.
லென்ஸுக்குக் கீழே வைத்தாலும்
நூலின் பதினாறாம் கேள்வியில் நின்று
பூவைக் கொண்டுவா என்றன.

கட்டத்தில் இடம் போதவில்லை.
ஓரத்தில் எழுதினாள்,
தாளைத் திருப்பி எழுதினாள்.
கடைசி வரி: இனம் தெரியாதவை, ஒன்பது.

"தெரியாததை எப்படி அம்மணி
பட்டியலில் சேர்ப்பது?"
"தெரியாமலே 'இல்லை' என்று
சேர்க்கச் சொன்னீர்களே."
எதிர்முனையில் யாரோ காகிதம் புரட்டும் சத்தம்.
அப்புறம் அதுவும் இல்லை.

ஜூலையில் நோல்பெர்த்தோ ஒரு படம் அனுப்பினான்.
வண்டியின் கால்மிதியை உதறிக் கழுவும் குழாயடி.
சிமெண்டு விரிசலில், அவன் கட்டைவிரலுக்குப் பக்கத்தில்,
குவியம் தப்பிய ஏதோ பச்சை.
"இது உங்களோடதா?"

பெரிதாக்கிப் பார்த்தாள்.
இலை விளிம்பில் ரோமமா, படத்தின் புள்ளியா?
"தெரியல. பூக்கட்டும். மிதிச்சுடாதே."

இரவு இன்னொரு படம்.
செடியைச் சுற்றி
நான்கு ஆணி, கொஞ்சம் கயிறு.